எலுமிச்சை முதல் பம்பளிமாஸ் வரை: ஒரு பழத்துக்குள் நான்கு பொருள்கள்

நான் முதன்முதலாக வைத்த எலுமிச்சை ரசம் கசந்தது. பருப்புத் தண்ணீர், தக்காளி, மிளகு, சீரகம் எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன். புளிக்குப் பதில் எலுமிச்சை என்று மட்டும் தெரியும். அதனால் புளிக்குச் செய்வதையே எலுமிச்சைக்கும் செய்தேன். சாற்றை ஊற்றி, பச்சை வாசனை போகட்டும் என்று ஐந்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டேன். பிழிந்த மூடி ஒன்று கைதவறி உள்ளே விழுந்ததையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாய் குடித்த அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "இது ரசமா, கஷாயமா?" என்றார். பிறகு, "பச்சை வாசனை போவதற்காகப் புளியைக் கொதிக்க விடுகிறோம். எலுமிச்சையை அந்த வாசனைக்காகத்தானே பிழிகிறோம்? அதையும் கொதிக்கவைத்து ஓட்டிவிட்டால் என்ன மிஞ்சும்?" என்று கேட்டார்.

எலுமிச்சை, நார்த்தை, ஆரஞ்சு வகைப் பழங்களை வைத்துச் சமைப்பதற்கு வேண்டிய பாடத்தில் பாதி அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, உள்ளே விழுந்து கிடந்த அந்த மூடியில் இருக்கிறது.

பழத்தை வெட்டிப் பார்ப்போம்

ஒரு எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளியே மஞ்சள் தோல். அதன்மேல் ஊசிமுனை அளவில் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். அதற்குள் வெள்ளையாக, பஞ்சுபோல் ஒரு அடுக்கு. அதற்கும் உள்ளே சுளைகள். சுளைகளுக்கு நடுவே விதைகள். பார்வைக்கு ஒரே பழம். சமையலுக்கோ இவை நான்கும் நான்கு வெவ்வேறு பொருள்கள்.

மணம் தோலில் இருக்கிறது. எலுமிச்சை வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த எண்ணெய்ப் பைகளுக்கு உரியது. சந்தேகம் இருந்தால் ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டை எடுத்து, மெழுகுவத்திச் சுடர் அருகே, மேற்புறம் சுடரைப் பார்க்கும்படி மடக்கிப் பிதுக்குங்கள். பொறி பறக்கும். சின்ன வயதில் எல்லோரும் செய்த விளையாட்டுதான். அப்போது பறப்பது தோலில் இருக்கும் எண்ணெய். எளிதில் தீப்பற்றும், அதைவிட எளிதில் ஆவியாகும். பழத்தைப் பிழியும்போது தோலும் நசுங்குவதால் இந்த எண்ணெய் கொஞ்சம் சாற்றிலும் கலந்துவிடுகிறது.

புளிப்பு சாற்றில் இருக்கிறது. சிட்ரிக் அமிலம்தான் அதற்குக் காரணம். எவ்வளவு கொதித்தாலும் இந்த அமிலம் ஆவியாகிப் போகாது. ஆகவே எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கவிட்டால் மணம் பறந்துவிடுகிறது, புளிப்பு மட்டும் தட்டையாக அப்படியே நிற்கிறது. வைட்டமின் சியும் சூட்டில் குறைகிறது. அத்தை கேட்டதற்கு விடை இதுதான்: மொட்டைப் புளிப்பு மட்டும் மிஞ்சும். அதற்கு எலுமிச்சை எதற்கு, புளியே போதுமே.

கசப்பு வெள்ளைப் பஞ்சிலும் விதையிலும் இருக்கிறது. சுளைகளைப் பிரிக்கும் சவ்விலும் கொஞ்சம் உண்டு. இந்தக் கசப்புப் பொருள்கள் சூட்டில் ஆவியாகாமல் வெந்நீரில் இறங்குகின்றன. டீத்தூள் இறங்குவது போலத்தான். என் ரசத்தில் விழுந்த மூடி ஐந்து நிமிடம் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஆகவே புதிதாகச் சமைக்க வருபவர் இந்தப் பழங்களில் எதைக் கையில் எடுத்தாலும், "இதில் எனக்கு எது வேண்டும், மணமா, புளிப்பா, கசப்பா?" என்று முதலில் கேட்டுக்கொண்டால் போதும். எப்போது சேர்ப்பது, வெட்டுவதா பிழிவதா, தோலை வைத்துக்கொள்வதா எறிவதா என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

எலுமிச்சை

நம் கடைகளில் கிடைக்கும் உருண்டையான சின்ன எலுமிச்சை, மேலை நாட்டுச் சமையல் குறிப்புகளில் வரும் 'லெமன்' அல்ல. அது முட்டை வடிவத்தில், முனையில் ஒரு குமிழோடு, தடித்த தோலுடன் இருக்கும் வேறு பழம். நம்முடையது அவர்கள் 'லைம்' என்று சொல்லும் இனம். குறிப்பில் ஒரு லெமன் என்று இருந்தால் நம் பழம் ஏறக்குறைய இரண்டு வேண்டும். தோலைச் சீவிப் போடச் சொல்லியிருந்தால் மேலோட்டமாக, மிக லேசாகச் சீவுங்கள். நம் பழத்தின் தோல் மெல்லியது. ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் வெள்ளைப் பகுதி வந்துவிடும்.

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்துதான் வந்ததா என்று காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டால், எல்லாப் பழத்துக்கும் ஆமாம் என்றுதான் சொல்வார். கையில் எடுத்துப் பார்ப்பதே நல்லது. தோல் வழவழப்பாக, மெல்லியதாக, அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் சாறு இருக்கிறது. தோல் சொரசொரப்பாக, பெரிதாக, கனமில்லாமல் இருந்தால் பஞ்சுதான் அதிகம். பச்சையாக இருப்பதைவிட மஞ்சளுக்குத் திரும்பியதில் சாறு கூடுதல். வெட்டுவதற்கு முன் உள்ளங்கையால் அழுத்தித் தரையில் நாலு முறை உருட்டினால் உள்ளே இருக்கும் சாற்றுப் பைகள் உடைந்து எளிதாகப் பிழிய வரும். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த பழம் கல்லாக இருந்தால் வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுக்கலாம். கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழியாதீர்கள். அந்தக் கடைசிச் சொட்டோடு கசப்பும் வருகிறது.

இனி எலுமிச்சைச் சாதம். சாதாரணமாகத் தெரிந்தாலும் மேலே சொன்ன அத்தனையும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது.

ஒரு கப் அரிசியை உதிர் உதிராக வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி ஆறவிடுங்கள். ஒரு கரண்டி நல்லெண்ணெய் தெளித்து, பருக்கை உடையாமல் பரப்புங்கள். நடுத்தர அளவில் ஒன்றரை முதல் இரண்டு பழம் போதும். சாற்றை வடிகட்டி விதையை எடுத்துவிட்டு, உப்பை அதிலேயே கரைத்து வையுங்கள். சாதத்தில் நேராக உப்பைத் தூவினால் ஓரிடத்தில் கரிக்கும், ஓரிடத்தில் சப்பென்று இருக்கும். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், பச்சை மிளகாய், இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை. கடைசியில் மஞ்சள்தூள். அடுப்பை அணைத்துவிடுங்கள்.

மஞ்சளைக் கடைசியில் எண்ணெயில் போடுவதற்குக் காரணம் உண்டு. மஞ்சளின் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அந்த எண்ணெய் ஒவ்வொரு பருக்கையின் மேலும் படியும்போதுதான் சாதம் முழுவதும் ஒரே நிறமாகிறது. எலுமிச்சை சேர்ந்ததும் அந்த மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரியும். மஞ்சள் அமிலத்தில் மஞ்சளாகவே நிற்கும், சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் பார்ப்பது அதைத்தான். ஆரத்தி நீரில் எலுமிச்சையைப் பிழிந்தால் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளாகிவிடும். வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்து பாருங்கள்.

தாளிப்பைச் சாதத்தில் கொட்டிக் கிளறியபின், கடைசியாகச் சாறு. சூடான வாணலியில் சாற்றை ஊற்றாதீர்கள். 'சொய்ங்' என்ற சத்தத்தோடு எழும்பும் அந்த வாசனை வீடு முழுக்க மணக்கும், சாதத்தில் மட்டும் இருக்காது. சாறு கலந்தபின் மூடி வைத்துக் கால்மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் புளிப்பு பருக்கைக்குள் இறங்கியிருக்கும். உடனே ருசி பார்த்துவிட்டு, போதவில்லை என்று இன்னொரு பழத்தைப் பிழிவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

ரசத்துக்கும் இதே கதைதான். நுரை கட்டியதும் இறக்கி, இரண்டு நிமிடம் கழித்துப் பிழிய வேண்டும். இலங்கைத் தமிழர் வீடுகளில் சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்புக்குத் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிவதும் இறக்கிய பிறகுதான். அங்கே இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. கொதிக்கும் தேங்காய்ப்பாலில் புளிப்பு விழுந்தால் திரிந்து திரிதிரியாகப் போகும். மாட்டுப்பாலில் திரிவதை நாம் வேண்டுமென்றே செய்கிறோம். ஒரு லிட்டர் கொதித்த பாலில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் பன்னீர் தயார்.

பருப்பு வேகும்போது எலுமிச்சை விடக் கூடாது என்று சொல்வதும் வெறும் சாஸ்திரம் அல்ல. புளிப்பு இருந்தால் பருப்பும் காயும் மெத்தென்று வேக மறுக்கும். பச்சைக் காய்களில் நிறமும் போகும். பீன்ஸ் பொரியலில் முன்னதாகவே எலுமிச்சையைப் பிழிந்தால் பசேலென்று இருந்தது காக்கி நிறத்துக்கு மாறிவிடும். தட்டில் பரிமாறும்போது பிழிந்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

நார்த்தங்காய், கிடாரங்காய்

எலுமிச்சையில் கசப்பை ஒதுக்குகிறோம். நார்த்தங்காயில் அதையே தேடிப் போகிறோம். நார்த்தையில் வெள்ளைப் பகுதி தடியானது, தோலும் தடியானது. பச்சையாகக் கடித்தால் முகம் கோணும். இந்தக் கசப்பை விரட்ட முடியாது என்று தெரிந்த நம் முன்னோர் அதை உப்பால் பழக்கி எடுத்தார்கள். உப்பு கசப்பை நாக்குக்கு மட்டுப்படுத்திக் காட்டுகிறது. கூடவே காயிலிருந்து நீரை இழுத்து, தடித்த தோலை மெதுவாக்குகிறது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சியோடு ஒரு துண்டு நார்த்தங்காய் கொடுத்தால், எதுவும் ஏற்காத நாக்கும் அதை ஏற்கும்.

இந்தக் காய்களின் பெயர் விஷயத்தில் ஊருக்கு ஊர் குழப்பம் இருக்கிறது. ஒரு ஊரில் நார்த்தங்காய் என்பது இன்னோர் ஊரில் கிடாரங்காய். அதுவே கடாரங்காய் என்றும் வழங்கும். கொழுஞ்சி என்று வேறு ஒன்றைச் சொல்வார்கள். குழப்பத்துக்கு மரங்களும் ஒரு காரணம். இந்தக் குடும்பத்து மரங்கள் எளிதாக ஒன்றோடொன்று கலந்து புது வகைகளைத் தரும். ஆரஞ்சே பம்பளிமாஸும் மாண்டரினும் கலந்து வந்ததுதான். 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியான மரபணு ஆய்வு, இந்தக் குடும்பத்தின் பிறப்பிடம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்று சொல்கிறது. அசாமின் கிழக்குப் பகுதி, வடக்கு மியான்மர், சீனாவின் மேற்கு யுன்னான் ஆகியவை அதில் அடங்கும். பெயரும் நெடுந்தூரம் பயணம் செய்திருக்கிறது. நாரத்தை என்ற நம் சொல்லோடு உறவுள்ள 'நாரங்க' சமஸ்கிருதத்திலும், 'நாரங்' பாரசீகத்திலும், 'நாரஞ்ச்' அரபியிலும் புழங்கி, ஐரோப்பாவுக்குப் போய் முன்னால் இருந்த 'ந'வை உதிர்த்து ஆரஞ்சாகி, கடைசியில் நம் பழக்கடைக்கே திரும்பி வந்து நிற்கிறது. சமையலுக்கு இது எதுவும் வேண்டாம். ஆனால் சந்தையில் பெயரைக் கேட்டு வாங்காமல், காயை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

உப்பு நார்த்தங்காய் போடுவதைக் கிட்டே நின்று பார்த்தால்தான் புரியும். காயைக் கழுவி, ஈரம் சுத்தமாகப் போகும்வரை துடைத்து நிழலில் வைக்க வேண்டும். பிறகு காய் முழுவதையும் மேலிருந்து கீழாக ஒரே நீளச் சுருளாக, அறுந்துவிடாமல், வெட்டிக்கொண்டு போக வேண்டும். தூக்கிப் பிடித்தால் ஸ்பிரிங் போலத் தொங்கும். அந்தச் சுருளின் இடுக்குகளில் கல்லுப்பை அடைத்து, மறுபடி காய்போலச் சுருட்டிப் பீங்கான் ஜாடியில் அடுக்குவார்கள். ஒரு கிலோ காய்க்கு 200 கிராம் உப்பு சரியாக இருக்கும். துண்டு துண்டாக வெட்டினால் வேலை சுலபம்தான். சுருளாக வெட்டினால் உப்பு எல்லா இடத்திலும் தொடுகிறது, வெயிலில் கொடியில் தொங்கவிட்டதுபோல் பரப்பிக் காயவைக்கவும் வசதி. மூன்று நான்கு நாள் தினமும் ஜாடியைக் குலுக்க வேண்டும். காய் தண்ணீர் விட்டு ஊறியிருக்கும். அப்புறம் காலையில் எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் மீண்டும் அதே உப்புத் தண்ணீரில் போட்டு, மறுநாள் மறுபடி வெயில். ஜாடித் தண்ணீர் முழுவதையும் காய் குடித்துத் தீர்க்கும்வரை இந்த வேலை ஓடும். நன்றாகக் காய்ந்ததும் மேலே உப்புப் பூத்து, மண் நிறத்துக்கு வந்திருக்கும். அந்த நிலைக்கு வந்தது வருடக்கணக்கில் கெடாது. நாள் ஆக ஆகக் கருத்து, கசப்பு அடங்கி, ஒரு ஆழமான ருசி வரும். பழைய நார்த்தங்காயை மருந்துபோல் எண்ணி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. வெட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மொட்டைமாடி வெயிலுக்குப் போகாதீர்கள். இந்தக் காய்களின் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைப் புண்ணாக்கும். ஒரு நாள் கழித்துச் சிவந்து எரியும், அது ஆறியபின் கருப்புத் தழும்பு போல் நிற்கும்.

பொறுமை இல்லாதவர்களுக்குக் கிடாரங்காய் இருக்கிறது. எலுமிச்சையைவிடப் பல மடங்கு பெரிது, நல்ல புளிப்பு. நடுத்தண்டையும் நாரையும் விதையையும் நீக்கி, பொடிப்பொடியாக நறுக்கி உப்புப் போட்டு ஒரு நாள் வையுங்கள். மறுநாள் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம் சேர்த்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெயை மேலே ஊற்றினால் இரண்டு மூன்று நாளில் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வந்துவிடும். நடுத்தண்டை நீக்குங்கள் என்று சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நார்த்தங்காய்ப் பச்சடியில் வேறு ஒரு வழி. நறுக்கிய தோலை உப்பு நீரில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் இறங்கிய பாதிக் கசப்பு சாக்கடைக்குப் போய்விடும். மீதியைப் புளி, வெல்லம், பச்சை மிளகாய் மூன்றும் சேர்ந்து சமாளிக்கும். கசப்பை முழுதாக எடுத்துவிட்டால் அது நார்த்தங்காய்ப் பச்சடியே அல்ல, வெல்லப் பாகு.

இலையையும் விட்டுவிடக் கூடாது. நாரத்தை இலையிலும் அதே எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. கசக்கி முகர்ந்தால் தெரியும். நடு நரம்பைக் கிழித்தெடுத்துவிட்டு நாரத்தை இலை, எலுமிச்சை இலை, காய்ந்த மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு, கொஞ்சம் புளி சேர்த்து இடித்து உருட்டினால் வேப்பிலைக்கட்டி. அதில் ஒரு வேப்பிலைகூட இருக்காது. மைய அரைக்காமல் உரலில் இடிப்பது நல்லது. மிக்ஸி என்றால் விட்டு விட்டுச் சுற்றுங்கள், சூடேறினால் மணம் போகும். ஒன்றிரண்டு இலையைக் கிள்ளி நீர்மோரில் போடுவதற்குச் செலவும் இல்லை, உழைப்பும் இல்லை.

ஆரஞ்சு, சாத்துக்குடி, பம்பளிமாஸ்

கமலா ஆரஞ்சு, குடகு ஆரஞ்சு, நாக்பூர் ஆரஞ்சு என்று தோல் தளர்வாகக் கழன்று வருபவை எல்லாம் மாண்டரின் இனம். இவற்றில் சுளையைச் சாப்பிட்டுவிட்டுத் தோலை எறிவதுதான் வழக்கம். சமைப்பவர் கண்ணுக்கு அது தலைகீழான வேலை. சுளையில் இருப்பது இனிப்பு நீர்; சுட்டால் சாதுவாகிவிடும். சமையலுக்கு உதவும் சரக்கு தோலில் இருக்கிறது.

ஆரஞ்சுத் தோல் குழம்பை ஒருமுறை வைத்துப் பாருங்கள். தோலை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், மேலே மெழுகு பூசியிருக்கலாம். உட்புற வெள்ளையைக் கரண்டி முனையால் சுரண்டிவிட்டு, கடலை அளவுக்கு நறுக்குங்கள். ஒரு பழத்தின் தோல் நான்கு பேருக்குப் போதும், இரண்டு பழத்தோல் போட்டால் கசப்பு மற்ற ருசிகளை மூடிவிடும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து, தோலைப் போட்டுச் சுருங்கும்வரை வதக்கி, பிறகு வழக்கமான புளிக்குழம்பு. இறக்கும்போது சின்னக் கட்டி வெல்லம். எண்ணெயில் வதக்குவதுதான் இங்கே முக்கியம். தோலின் மணம் எண்ணெயில் கரையும் என்பதால், ஆவியாகிப் போவதற்கு முன் கொஞ்சமாவது குழம்பில் பிடித்து நிற்கும்.

ஆரஞ்சு கேசரிக்கும் இதே கணக்குதான். தண்ணீரில் பாதிக்குப் பதில் சாறு ஊற்றிவிட்டு, "வாசனையே இல்லையே" என்று எசன்ஸைத் தேடுவார்கள். இறக்கியபின் ஒரு சிட்டிகை தோலை மெலிதாகத் துருவிப் போட்டால் எசன்ஸ் தேவையில்லை.

சாத்துக்குடியைச் சமைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புளிப்பு குறைவு, மணமும் குறைவு. குடிப்பதற்கான பழம் அது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு, அதை நான் படித்தது இப்படி: மருத்துவமனையில் இருந்த உறவினர் ஒருவருக்குக் காலையில் வீட்டிலேயே பிழிந்து பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோனேன். மத்தியானம் திறந்து குடித்தவர் முகத்தைச் சுளித்தார். காலையில் தேனாக இருந்தது கசந்துவிட்டிருந்தது. கெட்டுப்போன வாடையும் இல்லை. இந்தப் பழங்களில் ஒரு பொருள் இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும்வரை அதற்குக் கசப்பு கிடையாது. பிழிந்து சாற்றின் அமிலத்தோடு கலந்ததும், மணிக்கணக்கில் மெதுவாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். சுளையின் சவ்வையும் விதையையும் சேர்த்து மிக்ஸியில் அடித்தால் இன்னும் வேகமாக மாறும். அதனால்தான் பழச்சாறு கடையில் கண்ணெதிரே பிழிந்ததை நின்றபடியே குடிக்க வேண்டும்.

பம்பளிமாஸ் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும். டச்சுக்காரர்களின் 'பொம்பல்மூஸ்' நம் வாயில் புகுந்து அப்படியானது என்பார்கள். தேங்காய் அளவுக்கு இருந்தாலும் பாதி வெறும் பஞ்சு. அடுப்பில் ஏற்ற வேண்டாம். சுளையின் சவ்வை உரிப்பதுதான் இதில் செய்ய வேண்டிய ஒரே சமையல். கசப்பு சவ்வில் இருக்கிறது. சவ்வைக் கிழித்துத் தள்ளிவிட்டு, உள்ளே நெல்மணி போல் உதிரும் சாற்றுப் பைகளை ஒரு கிண்ணத்தில் சேருங்கள். உப்பு, மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிடலாம். துருவிய தேங்காயும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் கலந்தால் சாப்பாட்டுக்கு முன் ஒரு நல்ல கோசம்பரி. கொழுப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பம்பளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும்.

பாத்திரமும் மிச்சமும்

புளிப்புப் பண்டத்தை ஈயம் பூசாத பித்தளை, செம்பு, வெறும் அலுமினியப் பாத்திரங்களில் வைக்கக் கூடாது. அமிலம் உலோகத்தை அரிக்கும், களிம்பு ஏறும். ஊறுகாய்க்குப் பீங்கானும் கண்ணாடியும் மட்டுமே. செம்பு வைட்டமின் சியையும் அழித்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்கத் தன் மாலுமிகளுக்கு லெமனுக்குப் பதில் மலிவான லைம் சாற்றைக் கொடுக்க ஆரம்பித்தது. லைமில் வைட்டமின் சி ஏற்கெனவே குறைவு. அந்தச் சாறு செம்புக் குழாய்கள் வழியாகப் போய் இருந்ததையும் இழந்தது. ஒழிந்ததாக நினைத்த நோய் நெடும் பயணக் கப்பல்களில் மறுபடி தலைகாட்டியது.

கோடையில் எலுமிச்சை விலை ஏறும் என்பதால் மலிவாக இருக்கும்போது வாங்கிப் பிழிந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். ஒரு கட்டி ஒரு ரசத்துக்கு ஆகும். ஆனால் உறைந்ததில் புளிப்பு இருக்கும் அளவுக்கு மணம் இருக்காது, ஆகவே பிழிவதற்கு முன் தோலை லேசாகத் துருவி, சர்க்கரையிலோ உப்பிலோ பிசறித் தனி டப்பாவில் வையுங்கள். உப்பில் பிசறியதை மோரிலும், சர்க்கரையில் பிசறியதைப் பானகத்திலும் போடலாம்.

இனி அந்த மூடிகள். பிழிந்ததும் எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறேன். அவற்றில் ஒட்டியிருக்கும் அமிலம் குழம்புக்குப் போதாது, பித்தளைக்குப் போதும். வெள்ளிக்கிழமை காலையில் கல்லுப்பில் தோய்த்துக் குத்துவிளக்கில் தேய்த்தால், களிம்பு கரைந்து விளக்கு பொன்னிறமாகிவிடும். அத்தை வரும் நாள்களில் ரசத்துக்குப் பிழியும் பழத்தின் மூடிகளை, சட்டியை இறக்குவதற்கு முன்பே எண்ணி டப்பாவுக்குள் போட்டுவிடுகிறேன்.